இருமுகிற பன்றியை என்ன செய்வீர்கள்?

ஒரு கேள்வி. பதிலை உடனே சொல்ல வேண்டாம். கட்டுரையை முடித்துவிட்டுச் சொன்னால் போதும்.

உங்களிடம் 500 பன்றிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். (முகம் சுளிக்காதீர்கள். ஆடு என்றோ கோழி என்றோ மாற்றிக்கொண்டாலும் கேள்வி மாறாது. ஆனால் நடந்தது பன்றிக் கதை. அதனால் பன்றியாகவே இருக்கட்டும்.) பாங்க்கில் கடன் வாங்கிக் கட்டிய கொட்டகை. தீவனக் கடைக்காரருக்கு மூன்று மாசப் பாக்கி. ஒருநாள் காலையில் நாலைந்து பன்றிகள் இருமுகின்றன. சாதாரண இருமல் இல்லை. நாய் குரைக்கிற மாதிரி, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற இருமல். இரண்டு நாளில் அது நாற்பது பன்றியாகிறது. ஒன்றிரண்டு செத்தும் போகின்றன. மற்றவை தேறிவிடும் போலத்தான் தெரிகிறது.

வாசலில் வியாபாரி லாரியோடு நிற்கிறார். விலையைக் கொஞ்சம் குறைத்தால் மொத்தமாக ஏற்றிக்கொண்டு போகத் தயார். "எவ்வளவு நேரம் அந்த மனுஷனை நிக்க வெப்பீங்க?" என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

போனை எடுத்துக் கால்நடை ஆபீஸுக்குச் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆட்கள் வருவார்கள். பண்ணைக்குப் பூட்டு விழும். இருமுகிற நாற்பதோடு நிற்காது, 500-ம் போகும். சொல்லாமல் விற்றால் கடன் அடையும்.

சொல்வீர்களா, விற்பீர்களா?

"சொல்லுவேன் சார், இதிலென்ன சந்தேகம்?" என்று சட்டென்று சொன்னவர்களுக்கு என் வணக்கம். அவர்கள் பக்கத்தைப் புரட்டி ஜோக்குக்குப் போகலாம். கொஞ்சம் தயங்கியவர்கள் கூட வாருங்கள், 1998-ம் வருஷத்து மலேசியாவுக்குப் போய்விட்டு வரலாம்.

*

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போ என்று ஒரு நகரம். தமிழர்களும் சீனர்களும் மலாய்க்காரர்களும் கலந்து வாழ்கிற ஊர். அதைச் சுற்றி நிறையப் பன்றிப் பண்ணைகள் இருந்தன. முதலாளிகள் பெரும்பாலும் சீனர்கள். கூலிக்கு நம்மவர்களும் உண்டு. முதலாளியை "தவுக்கே" என்று அழைத்துக்கொண்டு, கொட்டகை கழுவி, தீவனம் போட்டு, குட்டி ஈனுகிற பன்றிக்குப் பிரசவம் பார்த்து வாழ்ந்தவர்கள்.

1998 செப்டம்பர் வாக்கில் இந்தப் பண்ணை ஆட்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். தலைவலி, தூக்கக் கலக்கம், அப்புறம் நினைவு தப்புவது, சிலருக்கு மரணம்.

அரசாங்க டாக்டர்கள் "ஜப்பானிய மூளைக்காய்ச்சல்" என்றார்கள். அவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நோய் ஏற்கெனவே அந்த நாட்டில் உண்டு. பன்றியின் உடம்பில் பெருகி, கொசு வழியாக மனிதனுக்கு வருகிற நோய் அது. பன்றி இருக்கிறது, கொசு இருக்கிறது, மூளைக்காய்ச்சல் இருக்கிறது. சில நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான் சொன்னது. கணக்கு நேராகிவிட்டது. ஊரெல்லாம் கொசு மருந்துப் புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள்.

ஆனால் சில விஷயங்கள் இடித்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் வந்தது. எல்லாவற்றையும் விட விசித்திரம், பக்கத்திலேயே குடியிருந்த மலாய் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் பன்றியைத் தொடுவதில்லை, சரி. கொசு மதம் பார்த்தா கடிக்கும்?

பன்றிகளும் இருமிக்கொண்டிருந்தன. அந்த நோய்க்கே பிற்பாடு "குரைக்கும் பன்றி நோய்" என்றும், "ஒரு மைல் இருமல்" என்றும் பெயர் வைத்தார்கள். ஆனால் அப்போது எல்லோருடைய கண்ணும் கொசு மேல்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் லாரிகள் புறப்பட்டன. பேராக்கில் நோய் என்ற பேச்சு பரவியதும், பல பண்ணைக்காரர்கள் வந்த விலைக்குப் பன்றிகளைத் தள்ளிவிட்டார்கள். அவை தெற்கே, நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் போயின. அங்கே புக்கிட் பெலாண்டோக் என்கிற இடம் நாட்டின் பெரிய பன்றி வளர்ப்பு மையங்களில் ஒன்று. லாரியில் இறங்கிய பன்றி இருமியது. பக்கத்துக் கொட்டகைப் பன்றி இருமியது. 1999-ன் தொடக்கத்தில் அந்தப் பகுதி ஆஸ்பத்திரிகளில் படுக்கைகள் நிறைந்தன. அங்கிருந்து சிங்கப்பூருக்கும் பன்றிகள் போயின. மார்ச்சில் அங்கே கசாப்புக்கூடத் தொழிலாளர்கள் விழுந்தார்கள். 11 பேருக்கு நோய். ஒருவர் இறந்தார்.

அதே மார்ச் மாதம் மலாயா பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் என்பவர், ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து வைரஸை வளர்த்துப் பார்த்தார். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வீங்கியிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் செய்கிற வேலை இது இல்லை. சாம்பிளைப் பத்திரமாகக் கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். ஃபோர்ட் காலின்ஸ் நகரத்து ஆய்வுக்கூடத்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, தட்டம்மை வைரஸின் தூரத்துச் சொந்தம் போல ஒன்று தெரிந்தது. அதுவரை யாரும் பார்த்திராத வைரஸ். 1994-ல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் குதிரைப் பயிற்சியாளர் ஒருவரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸுக்கு அது நெருங்கிய பங்காளி.

நோயாளியின் கிராமம் சுங்கை நிப்பா. வைரஸுக்கு நிப்பா என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், 2018-ல் கோழிக்கோட்டில் நர்ஸ் லினியைப் பலிகொண்டதே, அதே நிப்பாதான். மலேயாவின் ஒரு சின்னக் கிராமம் இன்றைக்கும் உலகம் முழுக்க ஒரு நோயின் பெயராக அலைந்துகொண்டிருக்கிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்தது. 105 பேர் இறந்தார்கள். 1999 பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசிக்குள், 896 பண்ணைகளில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. ராணுவத்தை இறக்கினார்கள். பிற்பாடு ரத்தப் பரிசோதனையில் சிக்கிய பண்ணைகளையும் சேர்த்தால், ஏறக்குறைய 11 லட்சம். நோய்க்கு முன்னால் அந்த நாட்டில் 1,885 பன்றிப் பண்ணைகள் இருந்தன. பின்னால் மிஞ்சியவை 829.

இன்னொரு கணக்கும் உண்டு. நோய் கண்ட பன்றிகளில் செத்தவை நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. மனிதர்களிலோ நூற்றுக்கு நாற்பது. பன்றிகள் கொத்துக் கொத்தாகச் செத்திருந்தால் அத்தனை பேரும் உஷாராகியிருப்பார்கள். தேறிவிட்டதே என்பதுதான் ஆபத்தாகப் போயிற்று.

*

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பன்றியை ஏற்றி அனுப்பினாரே ஈப்போ பண்ணைக்காரர், அவர் கொலைகாரரா?

"பின்னே? நூறு பேர் செத்திருக்கிறார்களே!" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவருக்கு என்ன தெரியும்? பன்றிக்கு உடம்பு சரியில்லை என்று தெரியும். அது மனிதனுக்கு வரும் என்று தெரியாது. அரசாங்கமே கொசு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? உடம்புக்கு ஆகாத மாட்டை, "நல்ல மாடுங்க, இன்னிக்குக் கொஞ்சம் அசதியா இருக்கு" என்று சொல்லிச் சந்தையில் தள்ளிவிடுவது எந்த நாட்டில் நடக்கவில்லை? மழையில் ஸ்டார்ட் ஆகாத பைக்கை வெயில் நாளாகப் பார்த்து விற்றவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஒரே மாதிரி இரண்டு பண்ணைக்காரர்களைக் கற்பனை செய்யுங்கள். இருவரிடமும் இருமுகிற பன்றிகள். இருவரும் வாயைத் திறக்காமல் விற்கிறார்கள். ஒருவருடைய பன்றிக்கு இருந்தது சாதாரணச் சளி. ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஊர் அவரைக் கெட்டிக்காரர் என்கிறது. இன்னொருவருடைய பன்றிக்கு இருந்தது நிப்பா. ஊர் அவரைப் பாவி என்கிறது. செய்த காரியம் ஒன்றுதான். மனசில் இருந்த எண்ணமும் ஒன்றுதான். விளைவு மட்டும் வேறு.

1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்று இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் இந்தச் சிக்கலுக்கு "ஒழுக்க அதிர்ஷ்டம்" என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்து விவாதித்தார்கள். நம்ம ஊர்ப் பாட்டி "எல்லாம் ஊழ்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டு வெற்றிலையை மடித்திருப்பாள்.

நான் இதை எப்படிப் பார்க்கிறேன் என்றால், நூறு உயிரின் கணக்கை அந்த மனிதர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. அதற்காக அவர் செய்தது சரி என்றும் ஆகாது. ஒரு விஷயம் அவருக்கு நிச்சயமாகத் தெரியும்: இருமலைச் சொன்னால் எதிராளி வாங்கமாட்டான், அல்லது அந்த விலைக்கு வாங்கமாட்டான். தன் தலைக்கு வந்த நஷ்டத்தை, விவரம் தெரியாத இன்னொருத்தன் தலையில் நைசாக இறக்கி வைத்தார். தப்பு அங்கேயே முடிந்துவிட்டது. அதில் ஒரு பன்றி செத்ததா, ஒரு மனிதன் செத்தானா என்பது ஊழின் பாடு.

"வாங்குகிற வியாபாரிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? விலை குறைந்ததே அதற்காகத்தானே?" என்று ஒரு வாசகர் மடக்கலாம். நல்ல கேள்வி. தெரிந்தே வாங்கியிருந்தால் தப்பு அடுத்த கைக்குப் போகிறது, அவ்வளவுதான். அங்கிருந்து அடுத்த கைக்கு. கடைசியில் லாரியிலிருந்து பன்றியை இறக்குகிற கூலியாள் ஒருவர் இருக்கிறார். அது தும்மியது முகத்தில் தெறிக்கிறது. துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறார். விலை குறைந்ததில் அவருக்கு ஒரு காசு பங்கு கிடையாது. நோயில் மட்டும் பங்கு உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்ந்த 94 நோயாளிகளை டாக்டர்கள் விசாரித்தபோது, 93 சதவிகிதம் பேர் பன்றியோடு நேரடியாகப் புழங்கியவர்கள் என்று தெரிந்தது. ஈப்போவில் விற்றவர், நடுவில் லாபம் பார்த்தவர் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தது, இனிமேல் கைமாற்ற முடியாதவனிடம் போய் நின்றது.

*

சரி, விற்றவரைத் திட்டியாயிற்று. இப்போது ஊரைக் கேட்போம். அவர் ஏன் சொல்லவில்லை?

சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பன்றி போகும். கடன் நிற்கும். "உன்னாலதான்யா எங்க பண்ணையையும் மூடிட்டாங்க" என்று பக்கத்துப் பண்ணைக்காரர் முறைப்பார். சொல்லாமல் இருந்தால்? பிடிபடலாம், படாமலும் போகலாம். யோக்கியனுக்கு நஷ்டம் நிச்சயம். அயோக்கியனுக்கு நஷ்டம் சந்தேகம். இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, "ஏம்ப்பா சொல்லலை?" என்று கேட்பது என்ன நியாயம்?

வாய்மைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவர், யாருக்கும் தீங்கு தராத சொல்லைத்தான் வாய்மை என்றார். சொல்கிறவனுக்கே தீங்கு வந்தால் என்ன செய்வது? அந்த இடத்தில்தான் ஊர் வர வேண்டும்.

கூரை வீட்டுத் தெருக்களில் தீப்பிடித்தால் என்ன செய்வார்கள் என்று பெரியவர்களுக்குத் தெரியும். எரிகிற வீட்டை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக் கூரையைப் பிரித்துப் போடுவார்கள், தீ தாண்டாமல் இருக்க. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பாவமும் அறியாதவர். அவர் கூரை போனதால் தெரு தப்பித்தது. மறுநாள் தெருவே சேர்ந்து அவருக்குக் கூரை போட்டுக் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? கொடுப்பது தர்மமா, கடனா?

கடன் என்பேன் நான். பண்ணைக்காரருக்குத் தருகிற நஷ்டஈடும் அதே கணக்குதான்.

மூன்று எதிர்ப்புகள் வரும். வரிசையாகப் பார்க்கலாம்.

ஒன்று: "நான் சைவம். யாரோ தின்கிற பன்றிக்கு என் வரிப்பணத்தைக் கொடுப்பதா?" மலேசியாவில் இது இன்னும் கூர்மையான கேள்வி. அங்கே பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். பதில் என்னவென்றால், நீங்கள் கறிக்கு விலை கொடுக்கவில்லை. தகவலுக்கு விலை கொடுக்கிறீர்கள். "இங்கே நோய் வந்திருக்கிறது" என்று ஒருவர் ஒரு வாரம் முன்னால் சொன்னால், அதில் தப்பிப்பவர் சைவரா அசைவரா என்று வைரஸ் கேட்காது.

இரண்டு: "முழு விலையும் கொடுத்தால் நாளைக்கு வேண்டுமென்றே நோயை வரவழைப்பான்." கொஞ்சம் உண்மை இருக்கிறது. மனிதர்கள் அப்படியும் செய்வார்கள். அதனால்தான் பல நாடுகளில், அரசாங்கம் கொன்ற பிராணிக்கு மட்டும்தான் நஷ்டஈடு. நோயில் தானாகச் செத்ததற்கு இல்லை. சீக்கிரம் சொன்னால் பணம், தாமதித்தால் பட்டை நாமம். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் கையில் வருகிற தொகை சந்தை விலையில் பாதிகூட இல்லை என்றாலோ, பணம் வர ஆறு மாசம் அலைய வேண்டும் என்றாலோ, லாரிக்காரர் இன்றைக்கே தருகிற ரொக்கம்தான் ஜெயிக்கும்.

மூன்று, இதுதான் கஷ்டமானது: "காசு கொடுத்தால்தான் உண்மை பேசுவான் என்றால் அது என்ன உண்மை? அவன் என்ன நல்லவன்?"

இதற்கு நான் கடமையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். இருமுகிற பன்றியை விற்காமல் இருப்பது ஒரு கடமை. இருமுகிறது என்று போய்ச் சொல்வது இன்னொரு கடமை. முதலாவது முழுக்க முழுக்க அவருடையது. நஷ்டஈடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கடன்காரன் கதவைத் தட்டினாலும், தன் நஷ்டத்தை இன்னொருவன் தலையில் கட்ட அவருக்கு உரிமையே கிடையாது. அதில் பேரம் இல்லை. இரண்டாவது அப்படி இல்லை. அது அவர் ஊருக்குச் செய்கிற உபகாரம். 500 பன்றியையும் பலி கொடுத்துச் செய்கிற உபகாரம். அதைக் கேட்கிற ஊர், பாரத்தில் பாதியையாவது சுமக்க வேண்டும். சுமக்காமல் கேட்டால், தினம் ஒரு அரிச்சந்திரன் பிறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதாகிவிடும். அரிச்சந்திரன் கதையைக் கேட்டு நாம் அழுகிறோமே தவிர, நம் பிள்ளைக்கு அந்த வாழ்க்கை அமைய வேண்டும் என்று யாரும் வேண்டிக்கொள்வதில்லை.

*

இந்தப் பிரிவினை சரிதானா என்று உரசிப் பார்க்க இன்னொரு பன்றி நோய் இருக்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இது மனிதனுக்கு வராது. ஆனால் பன்றிக்கு வந்தால் பெரும்பாலும் சாவுதான், சிகிச்சை கிடையாது. கறியில்கூட இந்த வைரஸ் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஹோட்டல் எச்சில் சோற்றில் ஒரு துண்டுக் கறி கிடந்து, அதைக் காய்ச்சாமல் பன்றிக்குப் போட்டால் போதும்.

2018 ஆகஸ்டில் சீனாவில் தெரியவந்தது. 2019-ல் அந்த நாட்டுப் பன்றிகளில் ஏறத்தாழ 40 சதவிகிதம் குறைந்தது. 2020-ல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தெரிந்தது. 2022-ல் வயநாட்டுக்கு வந்துவிட்டது. நீலகிரியிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்.

வடகிழக்கு மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிற தவுக்கேக்கள் அதிகம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு, நான்கு என்று வளர்ப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். பன்றிதான் அவர்களுக்குச் சீட்டுப் பணம், பள்ளிக்கூடக் கட்டணம், கல்யாணச் செலவு. அந்த அம்மாவின் பன்றி தீனி எடுக்காமல் படுத்துக்கிடக்கிறது. இன்றைக்கே அறுத்து விற்றால் நாலு காசு. நாளைக்குச் செத்தால் குழி. மனுஷ உயிருக்கு ஆபத்தும் இல்லை. இப்போது விற்கலாமா?

முதலில் "பாவம், விற்கட்டுமே" என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கறி போகிற இடத்தை யோசியுங்கள். கழுவிய தண்ணீரும் மிச்சம் மீதியும் போய்ச் சேருவது, பக்கத்துத் தெருவில் இதே மாதிரி இரண்டு பன்றி வைத்திருக்கிற இன்னொரு அம்மாவின் கொட்டகைக்கு. இவள் மகனின் பள்ளிக் கட்டணத்தை அவள் மகனின் பள்ளிக் கட்டணத்திலிருந்து எடுத்துத் தருகிற ஏற்பாடு அது. ஏழை என்பதால் அந்த உரிமை வந்துவிடாது. ஆகவே முதல் கடமை அப்படியே நிற்கிறது. ஆனால் இரண்டாவது? நமது நாட்டில் 2009-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று, இப்படிப்பட்ட நோய்களை உடையவர்கள் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. சட்டம் சரி. நான்கு பன்றியும் போன மறு வாரமே ஒரு கை அவளைத் தாங்கினால்தான், அடுத்த கிராமத்தில் இருப்பவள் வாயைத் திறப்பாள். தாங்காவிட்டால் சட்டம் ஆபீஸ் பீரோவில் இருக்கும். கறி சந்தையில் இருக்கும்.

*

இவ்வளவும் மனிதர்களின் வழக்கு. இன்னொரு தரப்பும் இருக்கிறது. பன்றி.

11 லட்சம் உயிர். அவற்றில் பெரும்பாலானவை நோயே இல்லாதவையாகக்கூட இருக்கலாம். திருவிளையாடல் புராணத்தில் ஒரு படலம் வரும். தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகள் பசியில் கதறுவதைப் பொறுக்காமல், மதுரைச் சொக்கநாதர் தாமே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்தார். அசிங்கம் என்று நாம் ஒதுக்குகிற பிராணிக்குச் சாமியே தாயானார் என்று எழுதி வைத்த மொழி இது. அந்த மொழியில் "9 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

கொல்லாமல் இருந்திருக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். தினம் தினம் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து இல்லை. ஆனால் "வேறு வழியில்லை" என்பது ஒரு விஷயம். "அதனால் ஒன்றும் நடக்கவில்லை" என்பது வேறு விஷயம். வேறு வழியில்லாமல் ஒன்றைச் செய்தவனுக்கு, அடுத்த முறை அந்த நிலைமைக்கே வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கூடுதலாக வருகிறது.

அந்த நிலைமை எப்படி வந்தது? ஈப்போ பக்கம் தம்புனில் ஒரு பெரிய பண்ணை. முப்பதாயிரம் பன்றிகள். கொட்டகைகளை ஒட்டி மாமரங்கள். கூடுதல் வருமானத்துக்கு வைத்தது. ராத்திரியில் பழந்தின்னி வௌவால்கள் வரும். கடித்த பழம் கீழே விழும். கீழே பன்றி. அப்படித்தான் முதலில் தாவியிருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். பிற்பாடு டாக்டர் சுவாவும் அவர் குழுவினரும், தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரத்தடியில் பிளாஸ்டிக் விரித்துச் சிறுநீரைப் பிடித்துச் சோதித்தார்கள். அதிலும், வௌவால் கடித்துப்போட்ட பழத்திலும் நிப்பா வைரஸ் இருந்தது. 2011-ல் வந்த "கன்டேஜியன்" என்ற ஹாலிவுட் படத்தின் கடைசிக் காட்சியில் ஒரு வௌவால், ஒரு பழத்துண்டு, ஒரு பன்றி வரும். அது இந்தக் கதையின் நிழல்தான்.

வௌவால் பழம் தின்றது. பன்றி விழுந்ததைத் தின்றது. முதலாளி மாமரம் வைத்தார். எதுவும் குற்றமில்லை. ஒரே பண்ணையில் முப்பதாயிரம் உயிரை நெருக்கி அடைத்தது மட்டும், ஒரு இருமல் ஓயாமல் சுற்றிச் சுற்றி வர வழிசெய்தது. நூறு பன்றி இருந்த பண்ணையாயிருந்தால் நோய் வந்த வேகத்தில் ஓய்ந்திருக்கலாம். நோய்க்குப் பிறகு, பன்றிக் கொட்டகையையும் பழ மரத்தையும் தள்ளித் தள்ளி வையுங்கள் என்று மலேசியாவில் சொன்னார்கள். ஒரு மரத்தைத் தள்ளி வைப்பது சின்ன வேலை. 105 பேர் போன பிறகுதான் அந்தச் சின்ன வேலை தெரிந்தது.

*

"எனக்கு ஒரு பன்றியும் இல்லை, ஏன் இத்தனை விஸ்தாரம்?" என்று கேட்கிறீர்களா?

பன்றி இல்லைதான். ஆனால் இந்தக் கதையில் நீங்களும் நானும் பண்ணைக்காரர் இல்லை. நாம்தான் ஊர். சொன்னவனை என்ன செய்வது என்று தீர்மானிக்கிற ஊர்.

2020-ல் என்ன செய்தோம் என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சென்னையில் தொற்று வந்த வீட்டு வாசல்களில் தகரம் அடித்தார்கள். பாதுகாப்புக்கு என்றுதான் சொன்னார்கள். தெருவே அந்த வாசலை எட்டிப் பார்த்தது. அடுத்த தெருவில் காய்ச்சல் வந்தவர் என்ன முடிவு எடுத்திருப்பார்? ஒரு பாரசிட்டமாலைப் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் கடைக்குப் போயிருப்பார். அவரைத் திட்டினோம். தகரத்தை யாரும் திட்டவில்லை.

உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்கு ஒருநாள் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. வராமல் இருந்தால் அன்றைய சம்பளம் பிடிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நாலு நாள் வராவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள் என்றும் தெரியும். அதனால் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வருகிறார். உங்கள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத்தான் போவார். இருமலை மறைத்தது அவர் தப்பு. மறைக்க வைத்தது யார்?

அவரிடம் இன்றைக்கே ஒன்று சொல்லிவிடலாம். "உடம்பு சரியில்லேன்னா வராதீங்கம்மா. சம்பளம் பிடிக்கமாட்டேன்." செலவு மாசத்துக்கு இரண்டு நாள் கூலி.

முதலில் கேட்ட கேள்வியின் பதில் பாக்கி இருக்கிறது. லாரிக்காரர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். நீங்கள் என்ன சொல்லி அனுப்பப்போகிறீர்கள் என்று தீர்மானிப்பதற்கு முன்னால், போனை எடுத்தால் உங்களைக் காப்பாற்ற யார் வருவார்கள் என்று ஒரு தடவை யோசிப்பீர்கள் இல்லையா? உங்கள் வீட்டில் வேலை செய்கிற அந்த அம்மாவும் அதையேதான் யோசிக்கிறார்.